தக்காளி காயும் நேரம்

அடுத்தவர் போட்டுக் கழற்றிய துணியைப் பார்த்தே பிழைக்கிறவர்களுக்கு மனித ஜாதி மேல் பெரிய மரியாதை மிஞ்சாது. மடிப்பக்காவுக்குக் கொஞ்சம்கூட மிஞ்சவில்லை. துவைத்த துணிதான் இஸ்திரிக்கு வரவேண்டும் என்பது நியாயம். ஆனால், "ஒரு தடவைதான்க்கா போட்டேன், சும்மா லேசா ஒரு இழுப்பு இழுத்துக் குடுங்க" என்று பல்லை இளித்துக்கொண்டு சட்டையை நீட்டுகிற ஜென்மங்கள் எந்தத் தெருவில் இல்லை? சூடான பெட்டி பட்டதும் அந்தச் சட்டையின் அக்குளிலிருந்து ஒரு வாடை கிளம்பும் பாருங்கள், சீச்சீ! முதல்நாள் தின்றதெல்லாம் வாய்க்கு வந்துவிடும். கால்சட்டைப் பையில் உருட்டி வைத்த கைக்குட்டையைப் பற்றி நான் சொல்லவே போவதில்லை. நீங்கள் சாப்பிட வேண்டியவர்கள்.

அவள் அந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. சின்ன வயதில் தையல் கற்றுக்கொள்ளப் போனாள். அவள் தைத்த தையல் பாம்பு ஊர்ந்த மாதிரி போனதால், தையற்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு இஸ்திரிப்பெட்டியைக் கையில் கொடுத்தார். அங்கேதான் கை விளங்கியது. அவள் வைத்த மடிப்பில் விரலை ஓட்டினால் அறுத்துக்கொள்ளும் என்று பேச்சாகி, மடிப்பக்கா என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவரைக் கட்டிக்கொண்டாள். கிரீஸ் வாடையோடு வருகிற மனுஷனை வாசல் குழாயிலேயே தேய்த்துக் கழுவி உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இத்தனைக்கும் நடுவே பெட்டி ஆறவே இல்லை. ஊராரின் வேர்வையெல்லாம் ஆவியாகி அவள் மூக்கில்தான் ஏறியது.

பிறகுதான் அந்த ஹோட்டல் வெள்ளை வந்தது. பெரிய ரோட்டில் ஒரு ஹோட்டல். அதன் மேஜை விரிப்புகளும், வாய் துடைக்கிற துணிகளும் அங்கேயே மெஷினில் துவைபட்டு, அரை ஈரமாக மூட்டை கட்டி வேனில் வந்து இறங்கும். ஆவி பறக்க அழுத்தித் தேய்த்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துக் கொடுக்க வேண்டும். முதல் மூட்டையைப் பிரித்த அன்று மடிப்பக்கா ஒரு துணியை எடுத்து மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை. காலர் இல்லை, அக்குள் இல்லை, யார் உடம்பும் ஒட்டாத வெறும் வெள்ளை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே வந்தது. கொஞ்ச நாளில் தெருச் சட்டைகளை வாங்குவதையே நிறுத்திவிட்டாள். "இனிமே செத்தாலும் ஒருத்தன் சட்டைய தொட மாட்டேன்" என்று மகளிடம் போனில், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். இந்த வெள்ளைத் துணி கையில் இருக்கிறவரை மனுஷியாக வாழலாம். அது போனால் மறுபடியும் அதே நாற்றம்தான். இது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்படி ஒருவழியாக மூக்கு நிம்மதியாக இருக்கும்போதுதான் டிப்போக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு வந்து சேர்ந்தார்.

வேலை இல்லாத மனுஷனுக்கு போன்தான் துணை. அந்தப் போனில் ஒரு தாடிக்காரன் தினமும் வந்து, அடுப்பில் ஏற்றியது எதுவும் சாப்பாடே இல்லை, பச்சையாகத் தின்றால்தான் நோய் அண்டாது என்று அளந்துகொண்டிருந்தான். டிப்போக்காரர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"வெந்தது செத்தது. தெரியுமா உனக்கு?" என்றார் ஒருநாள், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு.

"இத்தனை வருஷமா அந்தச் செத்ததைத்தானே மூக்குப் பிடிக்கத் தின்னீங்க? இன்னும் உசிரோடதானே இருக்கீங்க?"

"நாக்கை அடக்கு. இனிமே எனக்குக் காய், பழம் மட்டும் போதும். பச்சையா."

பச்சையாகத் தின்றுவிட்டுப் போயிருந்தால் அவள் பாட்டுக்கு இருந்திருப்பாள். சமைக்கிற வேலை மிச்சம். ஆனால் பச்சைக் காய் அழுகுமே! அதற்கும் தாடிக்காரன் வழி வைத்திருந்தான். காய்களை வெட்டி, சூடு தெரியாத வெதுவெதுப்பில் காயவைத்து வைத்துக்கொள்ள ஒரு மெஷின். தட்டு மேல் தட்டாக அடுக்கிய ஒரு பெட்டி, பின்னால் ஒரு சின்ன காற்றாடி. எந்தக் காய் எத்தனை மணி நேரத்தில் காயும் என்று அச்சடித்த ஒரு சார்ட்டும் கூடவே வந்தது. சூட்டை ஏற்றினால் சீக்கிரம் காயும். ஆனால் ஏற்றக் கூடாதாம், சத்து செத்துவிடுமாம். ஒரு தட்டுத் தக்காளி காய்வதற்குள் ஒரு பகலும் ராத்திரியும் போய்விடும்.

அந்தச் சனியனை வைக்க அவருக்குக் கிடைத்த இடம் எது தெரியுமா? இவள் இஸ்திரி போடுகிற முன்னறை!

"அடுப்படியில வையுங்களேன்" என்றாள்.

"சமையல் வாடை என் காய்ல ஒட்டிக்கும். அதுவும் இல்லாம பெரிய பிளக் இங்கதானே இருக்கு."

"ஆகா! உங்க காய்ல என் சமையல் வாடை படக்கூடாது. என் துணியில உங்க காய் வாடை படலாமா?"

"காஞ்ச பொருளுக்கு ஏது வாடை?" என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயம் வெட்ட உட்கார்ந்துவிட்டார். வேலியில் போன ஓணானை மடியில் பிடித்துக் கட்டிக்கொண்டது அவள் தலைவிதி. அவளும் ஏதோ பொழுதுபோக்கு, பத்து நாளில் சலித்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

வெங்காயம் காய்கிற வாடையை அனுபவித்திருக்கிறீர்களா? வதக்குகிற வாசனை என்று நினைத்துவிடாதீர்கள். அது பசியைக் கிளப்பும். இது வெதுவெதுப்பில் மணிக்கணக்காகப் புழுங்கி, வேர்த்து, ஒரு பெரிய கும்பலே சட்டையைக் கழற்றிப் போட்ட மாதிரி நாறும். அடுத்தது காளான். அது பாதி காய்ந்த நிலையில் பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்த மாதிரி இருந்தது. வாழைப்பழம் பழுப்பு நிறத்தில் தட்டோடு ஒட்டிக்கொண்டு பசை பசையாக இழுத்தது. அதை அவர் நகத்தால் சுரண்டி எடுத்து, நகத்தை நக்கிக்கொண்டார். மடிப்பக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மூச்சு விட்டாள்.

இவ்வளவுக்கும் ஒன்றாவது ஒழுங்காகக் காய்ந்ததா என்றால், அதுவும் இல்லை. சார்ட்டில் போட்ட நேரம் முடிந்து தட்டை இழுத்தால், எல்லாம் செத்த தோல் மாதிரி தொளதொளவென்று கிடக்கும். ஒவ்வொரு துண்டாக எடுத்து அமுக்கிப் பார்ப்பார், வாயில் வைத்துப் பார்ப்பார். கண்றாவி, வாயில் வைத்ததைத் திரும்பத் தட்டிலேயே வைப்பார். பாதி காய்ந்த தட்டுகளுக்குக் கீழே புதிதாக வெட்டிய கேரட்டைச் செருகுவார். அந்த ஈரம் மேலே ஏறி, காய்ந்த துண்டும் நமத்துப்போகும். துண்டு ஒன்று விரல் தடிமன், ஒன்று காகிதம். எப்படி உருப்படும்?

"எல்லாம் உன்னாலதான்" என்றார் அவர். "நீ ஆவி விட்டுட்டே இருக்க. ரூம் பூரா ஈரம். நான் இந்தப் பக்கம் காயவைக்கிறேன், நீ அந்தப் பக்கம் நனைக்கிற."

"ஆடத் தெரியாதவ தெருக்கோணல்னு சொன்னாளாம்!"

சொல்லிவிட்டாளே தவிர, அவர் பேச்சில் பாதி நிஜம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். ஹோட்டல் துணி அரை ஈரமாகத்தான் வரும். ஆவி இல்லாமல் அந்த மொடமொடப்பு வராது. மதியத்துக்குள் முன்னறை ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். அந்த அறையில் காயவைக்கிற மெஷினைக் கொண்டுவந்து வைத்தது யார் புத்தி? கேட்டால் கோபம் வரும்.

இதற்கு நடுவில் நாத்தனார் வந்து சேர்ந்தாள். அண்ணன் இளைத்துவிட்டாராம், பார்க்க வந்தாளாம். வந்தவள், காயவைத்ததையெல்லாம் அண்ணன் அடைத்து வைத்திருந்த கண்ணாடி பாட்டில்களின் வரிசையைப் பார்த்து அசந்துபோனாள்.

"அண்ணே, நீ எப்பவுமே மூளைக்காரன்ணே. அண்ணிக்குத்தான் உன் அருமை தெரியல" என்று ஒரு பாட்டிலைத் திறந்தாள். வாழைப்பழம். சூடு ஆறுமுன்னே போட்டு மூடியது. பாட்டிலுக்குள் வேர்த்து, துண்டுகளின் மேல் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. மடிப்பக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"அதைத் தொடாதீங்க, பூஞ்சை பிடிச்சிருக்கு!"

"பூஞ்சையாவது மண்ணாவது. பழத்தோட சர்க்கரை வெளிய வந்திருக்கு" என்று டிப்போக்காரர் கட்டைவிரலால் துடைத்து, துடைத்த விரலைத் தன் சட்டையிலேயே தேய்த்துவிட்டுப் பழத்துண்டைத் தங்கைக்கு நீட்டினார். நாத்தனார் அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள், அதை வாயில் போட்டாள், இன்னொன்றும் கேட்டாள். மறுநாள் பூராவும் அவளைக் கக்கூஸிலிருந்து வெளியே எடுக்க முடியவில்லை. அடுத்த நாள் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனவள், "அண்ணி சமையல் எனக்கு ஒத்துக்கல" என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். நன்றி கெட்ட வயிறு.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் ஹோட்டல் சூப்பர்வைசர் வேனோடு தானே வந்து இறங்கினார். சின்ன வயசுப் பையன்தான், மரியாதை தெரிந்தவன். கையில் ஒரே ஒரு வாய் துடைக்கிற துணி.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. கஸ்டமர் வாய் துடைக்கப் போயிருக்கார். வெங்காயம் நாறுதுன்னு தூக்கிப் போட்டுட்டார்."

மடிப்பக்கா வாங்கி மோந்து பார்த்தாள். அவள் மடித்த மடிப்பு, அவள் வைத்த ஓரம். உள்ளே அந்தக் கும்பல் வேர்வை. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இனிமே வராது தம்பி. நான் பாத்துக்கறேன்."

"இன்னொரு தடவை ஆச்சுன்னா என் கையில இல்லக்கா. மேல இருக்கிறவங்க வேற இடம் பாக்கச் சொல்றாங்க."

வேன் போனதும் அவள் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். அதிகம் கத்தவில்லை. வெங்காயம் கிடையாது, காளான் கிடையாது. மதியம் அவள் வேலை முடிந்து, மடித்ததெல்லாம் சுவர் அலமாரிக்குள் போய்க் கதவு சாத்திய பிறகுதான் மெஷின் ஓட வேண்டும். மறுநாள் காலையில் அவள் பெட்டியைச் சூடு பண்ணும்போது அறையில் ஒரு துண்டு காய் இருக்கக் கூடாது.

"தக்காளி அதுக்குள்ள காயாதே" என்றார் அவர், ஈனக் குரலில். "சார்ட்டிலேயே அதுக்கு மேலதான் போட்டிருக்கான்."

"அது என் கவலை இல்ல. சூட்டை ஏத்துங்க."

"சத்து போயிடும்."

"அப்ப தக்காளிய விடுங்க. இல்ல, என்னை விடுங்க."

அவர் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் சொன்ன பேச்சைக் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும். கத்தியைத் தீட்டினார். துண்டுகளை ஒரே அளவாக வெட்டப் பழகினார். மதியமானதும் ஜன்னலைத் திறந்து ஆவியை வெளியேற்றிவிட்டுத்தான் மெஷினைப் போடுவார். காலையில் அவள் வருவதற்குள் எழுந்து தட்டுகளை இழுத்துப் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் நடுவில் ஈரம். அப்படியே அள்ளிக்கொண்டுபோய்க் குப்பையில் கொட்டுவார். சில நாள் அவளுக்கே பாவம் என்று தோன்றும். குப்பை வாளியில் அந்தப் புளிச்ச சகதியைப் பார்த்ததும் பாவமெல்லாம் பறந்துவிடும்.

அப்படி இருக்கும்போது ஹோட்டலில் ஒரு பெரிய விருந்து வந்தது. கூடமெல்லாம் வெள்ளை விரிக்க வேண்டும், ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. வழக்கத்தைவிடப் பல மடங்கு மூட்டைகள் வந்து இறங்கின. "உங்களை நம்பித்தான்க்கா கேட்டு வாங்கினேன்" என்றார் சூப்பர்வைசர். அவளை மறுபடியும் நம்பினார்கள் என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. இடுப்பு விட்டுப்போகிற வரை தேய்த்தாள். கடைசி விரிப்பையும் மடித்து அடுக்கி, அலமாரியைச் சாத்திவிட்டுப் பின்னறையில் போய் விழுந்தவள், பொழுது சாய்ந்தும் எழுந்திருக்கவில்லை.

காலையில் வேன் வந்து நின்றது. சூப்பர்வைசர் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். அவள் அலமாரியைத் திறந்தாள்.

புளிச்ச வாடை முகத்தில் அடித்தது.

மேல் அடுக்கு சுத்தமாக இருந்தது. அதைத் தூக்கியதும் கீழே இருந்த துணிகளில் சிவப்பு வட்டம். விரித்தாள். வட்டம் வட்டமாக, வரிசை வரிசையாக, ஓரம் மஞ்சளாகப் பரவிய கறை. தக்காளி விதைகள் சளி மாதிரி ஒட்டிக் கிடந்தன. ஒரு மடிப்பின் நடுவில் எடுக்க மறந்த ஒரு துண்டு நசுங்கித் தோல் தனியாக வழுக்கியது. அடுத்த துணியிலும் அப்படி. அதற்கு அடுத்ததிலும். அவள் விரலில் கொழகொழவென்று ஒட்டியதை உதறினாள், அது போகவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, இவள் தாழியை, கட்டின புருஷனே உடைத்துவிட்டார்.

"ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் வேன் டிரைவரே இறங்கி வந்துவிட்டார்.

டிப்போக்காரர் வந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"தண்ணிதானே, காஞ்சிடும்னு நினைச்சேன்" என்றார். "தாடிக்காரர் சொன்னார், வெட்டின துண்டை காஞ்ச துணிக்கு நடுவுல வச்சு அமுக்கிட்டுப் போட்டா நேரம் குறையும்னு. நீ காலையில வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னுதான். உனக்குத் தொந்தரவு வேணாமேன்னு. வீட்டுலயே சுத்தமான காஞ்ச துணி எதுன்னு பாத்தேன். உன் துணிதான். மறுபடி நீ மடிக்கிற மாதிரியே மடிச்சு வச்சேனே..."

"தூ!" என்றாள் மடிப்பக்கா.

சூப்பர்வைசர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் ஒரு துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அந்த இரண்டு விரலை மடிப்பக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவளே இத்தனை வருஷமாகத் தெருக்காரர்களின் கைக்குட்டையை அப்படித்தான் தூக்கினாள். கறை படாத துணியிலும் புளிப்பு ஏறியிருந்தது. எல்லாவற்றையும் வாரிக் கட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது சூப்பர்வைசர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வேன் பிறகு வரவில்லை.

முன்னறை ஆறிப்போனது. விட்டுவிட்ட தெருச் சட்டைகளையாவது திரும்பக் கேட்கலாம் என்று நாலு வீட்டு வாசலில் நின்றாள். அவர்கள் எல்லோரும் வேறு இடம் பழகியிருந்தார்கள். "நீங்கதானேக்கா செத்தாலும் தொட மாட்டேன்னீங்க" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பெரிய சலவைக் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். எடுத்துக்கொண்டார்கள். அங்கே வருவது முழுக்க ஆஸ்பத்திரித் துணி. படுக்கை விரிப்பு, நோயாளிச் சட்டை. துவைக்குமுன் பிரித்துப் போடுகிற வேலையிலிருந்துதான் புது ஆள் ஆரம்பிக்க வேண்டுமாம். எதில் எந்தக் கறை என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். மேஸ்திரி அதைக் காட்டிக்கொடுத்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். இந்த வயதில் வேறு எங்கே போவது?

வேலைக்குப் போக வேண்டிய முதல் நாள் காலை. மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். டிப்போக்காரர் முன்னறையிலிருந்து தட்டோடு ஓடி வந்தார். இத்தனை நாளாக அவள் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி நடந்த மனுஷனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இந்தா, இதைப் பாரு! சார்ட்டுல போட்ட நேரம். ஒரு நிமிஷம் கூடல, குறையல!"

ஒரு தக்காளித் துண்டை எடுத்து அவள் கண் முன்னால் ஒடித்தார். சடக்கென்று ஒடிந்தது. ஒடிந்த பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மற்றதை அவள் கையில் வைத்தார். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். எந்தத் துணியில் எந்த மூலையில் ஈரம் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற விரல். அதில் ஈரம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. நல்ல சிவப்பு, நல்ல வாசனை. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று திருப்பிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அதுதான் அவளுக்கு அத்தனை அருவருப்பையும் ஒன்றாகக் கொண்டுவந்தது.

"கத்திதான் விஷயம்" என்றார் அவர் மென்றுகொண்டே. "மெல்லிசா வெட்டணும். அதுதான் இவ்வளவு நாளா எனக்குப் பிடிபடல."

"கத்தி இல்லங்க."

"பின்ன?"

"ஒரு வாரமா இந்த ரூம்ல நான் பெட்டி போடல. ஆவி இல்ல, காலையில தட்டை எடுக்கச் சொல்ற ஆளும் இல்ல. அதான் காஞ்சிருக்கு."

அவர் தாடை நின்றது. ஆளில்லாமல் கிடந்த இஸ்திரி மேஜையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். வாயில் இருந்ததை முழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், தட்டைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். அவள் கையில் இருந்த பாதித் துண்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, நேரமாகிவிட்டதால் வேகமாகத் தெருவில் இறங்கினாள்.